தெருவில் நிகழும் அகம்: இளையோர் குறித்த ஆவணப்படங்களும் கண்ணோட்ட அறமும்

முன்னுரை

புனைவுப்படம் கற்பனையைக் காட்டுகிறது, ஆவணப்படம் உண்மையைக் காட்டுகிறது என்பது பொதுவழக்கு. உண்மையைக் காட்டுவதனாலேயே ஆவணப்படம் அறத்தின் பக்கம் நிற்கிறது என்ற எண்ணமும் இவ்வழக்கோடு சேர்ந்தே நிலவுகிறது. இவ்வெண்ணம் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை, நகரத் தெருக்களில் வாழும் இளையோரைப் பற்றிய ஆவணப்படங்களை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் இலக்கிய, இலக்கண மரபில் பார்த்தல், பெயர் சுட்டல் ஆகியன பற்றிக் காணப்படும் கருத்துகள் இவ்வாய்வுக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன.

இவ்வினாவை என் மனத்தில் எழுப்பிய நிகழ்ச்சி ஒன்றை முதற்கண் குறிப்பிடுதல் வேண்டும். கோலார் தங்கவயலைச் சேர்ந்த முன்னாள் மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் தம் கைப்பேசியில் ஒரு குறும்படத்தைக் காட்டினார். வெளியூர்க் குழு ஒன்று எடுத்த படம் அது. சயனைடு மேட்டின் அடியில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்களை, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, வரிசையாக உட்காரவைத்து எடுத்த காட்சி அதில் இருந்தது. அம்மாணவரின் முகம் ஏறத்தாழப் பத்து நொடிகள் திரையை நிறைக்கிறது. அவ்வேளையில் பின்னணிக் குரல், சுரங்கம் மூடப்பட்ட ஊரில் வேலையற்ற இளைஞர்கள் குடிக்கு அடிமையாவதைப் பற்றிப் பேசுகிறது. அவரோ குடிப்பழக்கம் இல்லாதவர். நாள்தோறும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று வேலை பார்த்துத் திரும்புபவர். அவருடைய அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. படத்தைக் கண்ட உறவினர் ஒருவர் வீட்டிற்கே வந்து விசாரித்த பின்னர்தான் தாய்க்குச் செய்தி தெரிந்திருக்கிறது.

“கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயா?” என்று கேட்டேன்.

“போட்டேன் சார். இங்கிலீஷ்ல இருந்துச்சு. பசங்க எல்லாரும் போட்டாங்க. அவங்க சொன்னது பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன் சார், எங்க லைன்ல குடிக்கிறவங்க இருக்காங்க. ஆனா அந்தப் பேச்சுக்கு என் மூஞ்சி எதுக்கு சார்?”

இவ்வினாவிற்கு அன்று என்னால் தக்க விடை கூற இயலவில்லை. கூறப்பட்ட செய்தி பொய்யன்று, ஒப்புதல் பெறப்பட்டிருக்கிறது, எடுத்தவர்களின் நோக்கமும் தீயதாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்துள்ளது. உண்மை, ஒப்புதல், நன்னோக்கம் ஆகிய மூன்றும் இருந்தும் நிகழ்ந்துவிட்ட இத்தீங்கின் இயல்பு யாது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினாவாகும்.

தங்கவயலும் பிறர் கண்ணும்

அம்மாணவரின் வினாவை ஒருவரின் தனிப்பட்ட மனக்குறையாக மட்டும் கொள்ளலாகாது. அதற்குப் பின்னால் ஓர் ஊரின் வரலாறு உள்ளது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கோலாரில் நவீன முறையில் தங்கச் சுரங்கப் பணியைத் தொடங்கினர். வட ஆர்க்காடு முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்து, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர், குடும்பங்களாக இங்குக் குடியேறினர். தங்கம் எடுக்கும் தொழிலாளி தங்கத்தைத் திருடக்கூடியவன் என்ற ஐயத்துடனேயே நிருவாகம் அவனை நோக்கியது. சுரங்கத்திலிருந்து மேலேறி வருவோர் உடற்சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். 1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் முறையை நிருவாகம் புகுத்த முனைந்தபோது, தங்கவயல் முழுவதும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. தங்கவயல் தொழிலாளர் வரலாற்றை விரிவாக ஆராய்ந்த ஜானகி நாயர் இவ்வேலைநிறுத்தத்திற்கு உரிய முக்கியத்துவம் அளித்துள்ளார்.

ஆயிரக்கணக்கான எளிய மனிதர்கள், கூலிக் குறைவிற்காக அன்றி, தம் விரல் ரேகையைப் பிறர் பதிந்துவைத்துக்கொள்வதை எதிர்த்துக் கூலியை இழக்கத் துணிந்தனர் என்பது எண்ணத்தக்கது. தம் உடலின் அடையாளம் தம் கையைவிட்டுப் பிறர் கைக்குப் போனால், பின்னர் அது எதற்குப் பயன்படுத்தப்படும் என்பதைத் தாம் முடிவு செய்ய இயலாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் எனலாம். “என் மூஞ்சி எதுக்கு” என்று கேட்ட இளைஞரும், அறிந்தோ அறியாமலோ, அதே வினாவைத்தான் தொடர்கிறார்.

1956இல் மைசூர் அரசின் கைக்கு வந்த சுரங்கங்கள், 1962இல் மைய அரசுக்கு மாறி, 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்ற பெயரைப் பெற்றன. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சாம்பியன் ரீஃப் உள்ளிட்ட சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு மூடப்பட்டன. அதன்பின் மாரிகுப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகச் சுமார் நூறு கிலோமீட்டர் பயணம் செய்து பெங்களூரில் உழைத்துத் திரும்புவது தங்கவயல் இளையோர் பலரின் அன்றாட வாழ்வாயிற்று.

சுரங்கம் மூடிய பிறகு இவ்வூரின்மீது வேறொரு கண் விழுந்தது. தங்கம் பிரித்தெடுக்கப்பட்டபின் எஞ்சிய மணல் குவிந்து உருவான சயனைடு மேடுகள், பூட்டிய சுரங்க வாயில்கள், சிதைந்த லைன் வீடுகள் ஆகியன படம் எடுப்போரைக் கவர்ந்தன. 2018இலும் 2022இலும் வெளியான ‘கே.ஜி.எஃப்’ என்ற கன்னடப் புனைவுப்படத்தின் இரு பாகங்களால் ஊரின் பெயர் நாடெங்கும் பரவியது. 2024இல் பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ சுரங்கத்தின் தொடக்க காலத்தை உழைப்பவரின் பக்கமிருந்து கற்பனை செய்தது. புனைவில் நடிப்பவர் வேறொருவரின் முகத்தைத் தாங்குகிறார். படம் முடிந்ததும் அம்முகத்தைக் கழற்றிவைக்க அவரால் இயலும். ஆவணப்படத்தில் தோன்றும் இளைஞருக்கு அவ்வாய்ப்பு இல்லை. இவ்வேறுபாடே ஆவணப்படத்திற்குத் தனியான அறம் ஒன்று வேண்டும் என்பதைக் காட்டுகிறது.

இரு ஆவணப்படங்கள்

தெருவில் வாழும் இளையோரைப் பற்றிய ஆவணப்படங்களுள் உலக அளவில் பெரிதும் பேசப்பட்டவை இரண்டு. ஒன்று, மார்ட்டின் பெல் இயக்கிய ‘ஸ்ட்ரீட்வைஸ்’ (1984). 1983இல் ‘லைஃப்’ இதழுக்காக மேரி எலன் மார்க் எடுத்த ஒளிப்படங்களிலிருந்து இது விரிந்தது. வாழ்வதற்குச் சிறந்த நகரம் என்று பெயர்பெற்றிருந்த அமெரிக்காவின் சியாட்டிலில், வீட்டை விட்டு வெளியேறிப் பைக் தெருவில் திரிந்த சிறுவர் சிறுமியரை இது காட்டுகிறது. இரந்தும், குப்பைத் தொட்டியில் உணவு தேடியும், உடலை விற்றும் வாழும் அவர்கள், தம் வாழ்வைத் தாமே பேசுகின்றனர். மார்க் இந்தியாவிற்குப் புதியவர் அல்லர். 1970களின் இறுதியில் மும்பை ஃபாக்லண்டு சாலையின் பாலியல் தொழிலாளரைப் படமெடுத்து 1981இல் நூலாக வெளியிட்டவர்.

மற்றொன்று, ஜானா பிரிஸ்கியும் ராஸ் காஃப்மனும் இயக்கிய ‘பார்ன் இன்டு பிராத்தல்ஸ்’ (2004). கொல்கத்தாவின் சோனாகாச்சியில் வாழும் பாலியல் தொழிலாளரின் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்து அவர்கள் உலகை அவர்களே படமெடுக்கச் செய்த முயற்சியை இது விவரிக்கிறது. 2005இல் சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கர் விருதை இது பெற்றது. அதே வேளையில், தாய்மார்கள் பொறுப்பற்றவர்களாகச் சித்திரிக்கப்பட்டனர், தம் பிள்ளைகளின் கல்விக்காக அவர்கள் அமைப்பாகத் திரண்டு செய்துவந்த பணிகள் மறைக்கப்பட்டன என்ற கண்டனமும் கொல்கத்தாவிலிருந்தே எழுந்தது.

இவ்விரு படங்களிலும் அறச்சிக்கல் வெவ்வேறு இடத்தில் தோன்றுகிறது. சோனாகாச்சிப் படத்தில் பிள்ளைகளின் கையில் கேமரா தரப்பட்டது. ஆனால் எதை இறுதிப் படத்தில் சேர்ப்பது, எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சியை வைப்பது என்ற படத்தொகுப்பு உரிமை தரப்படவில்லை. பிள்ளைகள் பார்ப்பவர்களாக உயர்த்தப்பட்ட அதே படத்தில் தாய்மார்கள் பார்க்கப்படும் பொருளாகவே நின்றுவிட்டனர்.

சியாட்டில் படத்தின் சிக்கல் இன்னும் கடினமானது. படத்தில் இடம்பெற்ற பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன், சிறையிலுள்ள தந்தையைக் காணச் செல்லும் காட்சி நெஞ்சை உலுக்குவது. 1984இல் அவன் காவலில் இருந்தபோது தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அவனது இறுதிச் சடங்கும் படத்தில் இடம்பெற்றது. அத்துயரத்தைக் காட்டியது பிழை என்று எளிதில் கூறிவிட இயலாது. காட்டாமல் விட்டிருந்தால் அவன் சாவு யாரும் அறியாத சாவாகவே முடிந்திருக்கும். காட்டியது சரி என்றும் முழு மனத்துடன் கூற இயலவில்லை. தந்தையும் மகனும் பேசிக்கொண்ட சில நிமிடங்கள் அவ்விருவருக்கு மட்டுமே உரியவை. அதே படத்தில் ‘டைனி’ என்ற பட்டப்பெயரோடு தோன்றிய சிறுமியை, பள்ளிக்குச் செல்ல உடன்பட்டால் தம்முடன் அழைத்துச் சென்று வளர்ப்பதாக மார்க்கும் பெல்லும் கூறினர், அவள் மறுத்தாள். ஆயினும் அவர்கள் தொடர்பை விடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவளைச் சந்தித்துவந்தனர். மார்க் 2015இல் மறைந்தார். அப்பெண்ணின் பிற்கால வாழ்வைக் கூறும் படத்தைப் பெல் 2016இல் வெளியிட்டார்.

இவற்றை மதிப்பிடுவதற்கு, ‘படம் உண்மையா?’ என்ற வினாவும் ‘ஒப்புதல் பெறப்பட்டதா?’ என்ற வினாவும் போதுமானவையாக இல்லை. பதினான்கு வயதில் தந்த ஒப்புதல் நாற்பது வயதிலும் ஒருவரைக் கட்டுப்படுத்துமா? இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் (2015) 74ஆம் பிரிவு, சட்டத்தோடு முரண்பட்ட சிறாரும் பராமரிப்புத் தேவைப்படும் சிறாரும் ஊடகங்களில் அடையாளம் காட்டப்படுவதைத் தடைசெய்கிறது. பதினெட்டு வயதைக் கடந்த நிலையில் படமெடுக்கப்பட்டவருக்கு இக்காவல் இல்லை. ஆகவே சட்டம் நிற்கும் இடத்திற்கு அப்பாலும் செல்லும் அளவுகோல் ஒன்று தேவைப்படுகிறது.

பெயர் சுட்டாமை என்னும் நெறி

அகத்திணைப் பாடல்களில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் விதி. புறத்திணையில் இத்தடை இல்லை. அங்கு மன்னனின் பெயரும் ஊரும் கொடையும் போரும் வெளிப்படையாகப் பேசப்படுகின்றன. இவ்விதி எவ்வளவு நுட்பமாகப் பின்பற்றப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடை சான்றாகும். பிரிவுத் துயரில் வாடும் அரசியைப் பாடும் அந்நூலில் அரசனின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் பாசறையில் ஏந்தப்படும் வேலின் தலையில் வேப்பந்தழை கட்டப்பட்டுள்ளது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அவ்வொரு குறிப்பாலேயே நச்சினார்க்கினியர் அந்நூலைப் புறம் எனக் கொண்டார். அடையாளம் காட்டும் ஒரு சிறு தழை, ஒரு பெண்ணின் தனிமைத் துயரை அகத்திலிருந்து புறத்திற்கு மாற்றிவிடக்கூடும் என்ற உரைமரபின் கருத்து இங்கு எண்ணத்தக்கது.

இவ்விதி முதன்மையாகக் கவிதையியல் சார்ந்தது. காதலை எல்லோருக்கும் பொதுவாக்கும் நோக்குடையது. அதனை அப்படியே தனிமனித உரிமைச் சட்டமாகக் கொள்வது மிகையாகும். எனினும் உள்ளத்து வாழ்வைப் பேசும்போது ஆளைச் சுட்டலாகாது, பொதுவாழ்வின் செயலைப் பேசும்போது ஆளைச் சுட்டலாம் என்ற பகுப்பு ஓர் அற உணர்வையும் உட்கொண்டுள்ளது என்பதை மறுக்க இயலாது.

தெருவில் வாழும் இளையோரைப் பொறுத்தவரை இப்பகுப்பில் ஓர் இடர்ப்பாடு எழுகிறது. அகம் வீட்டிற்குள் நிகழ்வது, புறம் தெருவில் நிகழ்வது என்று இடத்தைக் கொண்டு பிரித்தால், வீடற்றவருக்கு அகமே இல்லாமற் போய்விடும். சியாட்டில் சிறுமிக்குப் படுக்கையறை இல்லை. அவள் அழுவதும் காதலிப்பதும் பைக் தெருவில்தான். தங்கவயல் லைன் வீடுகளிலும் இந்நிலை ஓரளவு உண்டு. ஒரு குடும்பம் முழுவதும் அடங்காத சிறிய வீடு. ஆகவே படிப்பதும் முதியவர் உறங்குவதும் சண்டையும் சமாதானமும் இழவும் தெருவிலேயே நிகழும். அக்கம்பக்கத்தார் பார்த்தும் பாராதவர்போல் கடந்துசெல்லும் பண்பு லைன் வாழ்க்கையின் எழுதாத விதி. நானும் அத்தகைய லைன் ஒன்றில் வளர்ந்தவன். பக்கத்து வீட்டு அண்ணன் சுவரோரம் நின்று அழுததைக் கண்டால் தலை கவிழ்ந்து செல்ல வேண்டும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நாங்கள் அறிந்திருந்தோம். கேமரா இவ்விதியை அறியாதது. தெருவில் நிகழ்வதெல்லாம் பொது என்று அது கொள்கிறது.

இவ்விடத்தில் தமிழ் மரபையும் நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அடியோரும் பிறர் ஏவிய தொழிலைச் செய்வோரும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே உள்ள கைக்கிளை, பெருந்திணைகளுக்கு உரியர் என்பது தொல்காப்பிய உரைமரபு. உழைக்கும் மக்களுக்கு முழுமையான அகவாழ்வை நம் பழைய இலக்கணமும் எளிதில் வழங்கிவிடவில்லை என்பது இதனால் புலனாகிறது. தெருவோர இளைஞனின் வாழ்வு முழுவதையும் வெளிப்படைக் காட்சியாகக் கருதும் இன்றைய கேமரா, அந்தப் பழைய மறுப்பை வேறொரு கருவியால் தொடர்கிறது. எனவே பெயர் சுட்டாமை என்னும் நெறியை மரபிலிருந்து எடுத்துக்கொள்ளும்போது, மரபு யாரை விலக்கியதோ அவர்களுக்கும் அது உரியது என்று விரித்துக்கொள்வது நம் கடமையாகும்.

கண்ணோட்டமும் ஒற்றாடலும்

திருக்குறளில் 58ஆம் அதிகாரம் கண்ணோட்டம். 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். இரண்டும் அரசியலில் அடுத்தடுத்து அமைந்தவை. இரண்டும் பார்வை பற்றியவை. ஒற்றர் அரசனுக்குக் கண் போன்றவர் என்பது பின்னதன் கருத்து. கண்ணோட்டம் இல்லாத கண் முகத்தில் உள்ள வெறும் காயம் என்பது முன்னதன் கருத்து. ஒற்றன் தன்னை மறைத்துக்கொண்டு பிறரை அறிகிறான். அறியப்பட்டவன் அதனை அறியான். கண்ணோட்டம் உடையவன் பார்க்கும்போதே பார்க்கப்படுபவனுக்குக் கடமைப்பட்டவன் ஆகிறான். தங்கவயலின் உடற்சோதனையும் கைரேகைப் பதிவும் ஒற்றாடற் கண்ணின் செயல்கள். ஆவணப்படம் எக்கண்ணைக் கொள்கிறது என்பதே வினா.

கண்ணோட்டம் என்பதற்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் இங்குப் பெரிதும் பயன்படுகிறது. தன்னோடு பழகியவரைக் கண்டால் அவர் சொல்வதை மறுக்க இயலாத நிலை என்று அவர் அதனை விளக்குகிறார். அவர்மேல் கண் செல்லும்போது அது நிகழ்வதால் அப்பெயர் பெற்றது என்பார். இதனைப் பொதுவான இரக்கம் என்று மட்டும் கொண்டால் பொருள் குறைந்துவிடும். இரக்கம் யார்மீதும் எழலாம். அது இரங்குபவரின் விருப்பம். கண்ணோட்டமோ பழகியதால் ஏற்படும் கடப்பாடு.

ஆவணப்படம் எடுப்போர் தெருவில் வாழும் இளையோரோடு பழகாமல் படம் எடுக்க இயலாது. நாட்கணக்கில் உடனிருந்து, தேநீர் அருந்தி, நம்பிக்கை பெற்ற பின்னரே அவ்விளையோர் மனம் திறக்கின்றனர். அப்பழக்கமே படத்தின் மூலப்பொருள். பழக்கத்தைப் பெற்றுக்கொண்டு அதனால் வரும் கடப்பாட்டைக் கைவிடுவதே இவ்வகைப் படங்களில் நிகழும் அடிப்படைப் பிழை என்று கூறத் தோன்றுகிறது. மாணவருக்கு நேர்ந்த தீங்கின் இயல்பும் இதுவே. அவர் முகத்தை நம்பிக் கொடுத்தார். அது எந்தச் சொல்லோடு சேர்க்கப்படும் என்பதை மறுக்கும் உரிமை அவருக்கு வழங்கப்படவில்லை. கையெழுத்து, கொடுத்ததற்குச் சான்று ஆகுமேயன்றி, பின்னர் மறுக்கும் உரிமையை அழித்துவிடாது.

கண்ணோட்டம் உண்மையைச் சிதைத்துவிடாதா என்ற ஐயம் எழலாம். வள்ளுவரே இதனை எண்ணியிருக்கிறார். தம் கடமைக்குக் கேடு வராமல் கண்ணோட வல்லவரையே அவர் போற்றுகிறார். அன்றியும், செங்கோன்மை அதிகாரத்தில் குற்றத்தை ஆராயும் அரசன் யாரிடத்தும் கண்ணோடாது நடக்க வேண்டும் என்கிறார். ஓரிடத்தில் வேண்டப்படும் பண்பு மற்றோரிடத்தில் விலக்கப்படுகிறது. அதிகாரம் உடையோரின் குற்றத்தை ஆராயும்போது கண்ணோடாமையும், எளியோரின் வாழ்வைக் காணும்போது கண்ணோட்டமும் அறமாகின்றன என்று இவ்விரண்டையும் இணைத்துப் பொருள் கொள்ளலாம். மேலும், கண்ணோட்டம் அரசியலில் வைக்கப்பட்டிருப்பது அது வலிமை உடையவருக்கு உரிய கடமை என்பதைக் காட்டும். கேமராவைக் கையில் ஏந்தியவர், அந்த நேரத்தில், எதிரில் நிற்பவரைவிட வலியவர்.

தமிழ் ஆவணப்படங்களுள் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) கண்ணோடாமைக்குத் தக்க சான்று. மனிதக் கழிவை மனிதர் அகற்றும் கொடுமையையும் அதற்குப் பொறுப்பான நிருவாகத்தையும் அது வெளிப்படையாகக் காட்டியது. அதன் திரையிடல்களுக்குப் பல இடங்களில் காவல்துறை தடைவிதித்தது. அங்குத் தொழிலாளர் முகம் காட்டிப் பேசுவது புறத்திணை சார்ந்தது. தமக்கு இழைக்கப்படும் அநீதிக்கு அவர்கள் தாமே சாட்சி ஆகின்றனர். சாட்சி சொல்பவரின் முகமும் எடுத்துக்காட்டாக ஆக்கப்பட்டவரின் முகமும் ஒன்றல்ல. முன்னவர் பேசுகிறார், பின்னவரைப் பற்றி வேறொருவர் பேசுகிறார்.

ஆபுத்திரன் காட்டும் வழி

தெருவில் வாழ்ந்த இளைஞன் ஒருவனைத் தமிழ் இலக்கியம் விரிவாகவே பாடியுள்ளது. மணிமேகலையின் ஆபுத்திரன் பிறந்தவுடன் தாயால் கைவிடப்பட்டவன்; வேள்விப் பசுவைக் காத்ததற்காக வளர்த்த ஊரால் துரத்தப்பட்டவன்; இரந்து சென்றபோது அவன் கலத்தில் சோற்றுக்குப் பதில் கல் இடப்பட்டது. மதுரையை அடைந்து சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்கும் அவன், வீடுதோறும் சென்று பெற்ற உணவைக் கண்ணற்றோர், கேளாதோர், நடக்க இயலாதோர், ஆதரவற்றோர், நோயுற்றோர் ஆகியோரை அழைத்து ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, இரந்த ஓட்டையே தலையணையாக்கி உறங்குகிறான்.

சாத்தனார் அவன் வறுமையை மறைக்கவில்லை. தலைக்கு ஓடு வைத்து உறங்குவதைக் காட்டுவதைவிட வறுமைக்குச் சிறந்த சித்திரம் வேறில்லை. ஆனால் அவ்வறுமைக்கு நடுவே அவன் செய்யும் செயலையே அவர் மையமாக்குகிறார். பிறர் தரும் உணவு இல்லாமல் வாழ இயலாதவன், பிறருக்கு உணவிடுபவனாகவும் இருக்கிறான். இன்றைய ஆவணப்படங்கள் பல, தெருவில் வாழும் இளையோரின் இன்மையை மட்டும் கண்டு, அவர்கள் ஒருவருக்கொருவர் ஆற்றும் கடமைகளைக் காணத் தவறுகின்றன. சோனாகாச்சித் தாய்மாரின் அமைப்பு மறைக்கப்பட்டது என்ற கண்டனத்தின் சாரமும் இதுவே. மாணவரின் பத்து நொடிகளில் இல்லாதது என்ன என்பதும் இப்போது தெளிவாகிறது. விடியற்காலை ரயிலும் அக்காவின் திருமணத்திற்காகச் சேர்க்கும் பணமும் அதில் இல்லை. அவர் தருபவராக இருந்த வாழ்வு நீக்கப்பட்டு, ஊரின் குறையைச் சுமக்கும் முகம் மட்டும் எஞ்சியது.

எழத்தக்க மறுப்புகள்

முகத்தையும் பெயரையும் மறைத்தால் ஒடுக்கப்பட்டோர் மீண்டும் முகமற்றோர் ஆகிவிடுவர் என்பது வலுவான மறுப்பு. காலங்காலமாகப் பெயர் மறுக்கப்பட்டவர்க்குப் பெயரோடு தோன்றுவதே விடுதலையாகலாம். இக்கட்டுரை முகத்தை மறைக்கும்படி கூறவில்லை. மறைப்பதா காட்டுவதா என்பதை முடிவு செய்யும் உரிமை யாருடையது என்பதையே வினவுகிறது. அநீதிக்குச் சாட்சியாக நிற்க விரும்பும் இளைஞனின் முகத்தை அவனைக் காப்பதாகச் சொல்லி மறைப்பதும் ஒருவகை ஆதிக்கமே.

அவ்வூரிலேயே பிறந்தவர் படமெடுத்தால் இச்சிக்கல் எழாது என்பது மற்றொரு கருத்து. இதுவும் முழுமையாகப் பொருந்தாது. பாமாவின் ‘கருக்கு’ (1992) வெளியானபோது, தம் வாழ்வு வெளிப்படுத்தப்பட்டதாக ஊரார் சினம் கொண்டதையும், சில மாதங்கள் ஊருக்குள் செல்ல இயலாதிருந்ததையும் பாமா பின்னர்க் கூறியுள்ளார். காலப்போக்கில் அவ்வூர் இளையோர் அந்நூலைப் படித்துத் தமதாகக் கொண்டனர். உள்ளிருந்து எழுதுவோருக்கும் கடப்பாடு உண்டு. ஆனால் அவர் ஊராருக்கு எதிரில் நின்று விடைசொல்ல வேண்டியிருக்கிறது. வெளியூர்ப் படக்குழு ரயிலேறிச் சென்றுவிடுகிறது. வேறுபாடு பிறப்பில் இல்லை. திரும்பி வந்து முகம்கொடுப்பதில்தான் உள்ளது. முப்பது ஆண்டுகள் டைனியிடம் திரும்பத் திரும்பச் சென்ற மார்க்கும் பெல்லும் பிறப்பால் அத்தெருவினர் அல்லர். அவர்களின் படத்தில் ஐயத்திற்குரிய காட்சிகள் உண்டு. எனினும் பழகியவரைக் கைவிடாமை என்ற அளவில் அவர்கள் கண்ணோட்டத்திற்கு அருகில் வருகின்றனர்.

ஒவ்வொருவரிடமும் காட்டி இசைவு பெற்றால் படமே எடுக்க இயலாது என்பது நடைமுறை சார்ந்த மறுப்பு. அரசு அதிகாரியின் ஊழலைக் காட்டும் படத்திற்கு அவ்வதிகாரியின் இசைவு வேண்டியதில்லை. அது கண்ணோடாமைக்குரிய இடம். சயனைடு மேட்டின் அடியில் அமரவைக்கப்பட்ட ஆறேழு இளைஞர்களுக்கு, வெளியிடும் முன் ஒருமுறை படத்தைப் போட்டுக் காட்டுவது கடினமான செயலன்று. அதனால் படம் சில நொடிகளை இழக்கலாம், உண்மையை இழக்காது.

முடிவுரை

தெருவில் வாழும் இளையோர் குறித்த ஆவணப்படங்களை மதிப்பிடுவதற்கு உண்மை, ஒப்புதல், நன்னோக்கம் ஆகிய மூன்றும் தேவையானவை. ஆனால் போதுமானவை அல்ல என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது. அகம், புறம் என்ற பகுப்பை இடத்தைக் கொண்டு செய்யாமல் வாழ்வின் இயல்பைக் கொண்டு செய்தால், தெருவில் நிகழ்வதிலும் அகம் உண்டு என்பது தெளிவாகும். அவ்வகத்தை ஆள் சுட்டிக் காட்டாமை, அநீதி இழைப்போரை ஆராய்வதில் கண்ணோடாமை, பழகியவரின் மறுப்பை மறுக்காமை ஆகிய மூன்றும் இவ்வகைப் படங்களுக்கு உரிய அளவுகோல்களாகக் கொள்ளத்தக்கவை. இவற்றுள் மூன்றாவதே முதன்மையானது. ஏனைய இரண்டிலும் பிழை நேர்ந்தால் அதனைத் திருத்தும் வழி அதில்தான் உள்ளது.

தமிழ் ஆய்வுலகிற்கும் இதில் பங்குண்டு. களஆய்வுக்காகச் சேரிகளுக்கும் லைன்களுக்கும் சென்று, ஒலிப்பதிவுக் கருவியோடு நாட்டார் வழக்காறுகளையும் வாழ்க்கை வரலாறுகளையும் தொகுத்துப் பட்டம் பெற்றவர்கள் நாம். தகவலாளியின் பெயர், வயது, சாதி, ஊர் என்று பின்னிணைப்பில் அட்டவணையிடும்போது அவரிடம் திரும்பிச் சென்று காட்டியிருக்கிறோமா என்ற வினா நம்மையும் நோக்கி வருகிறது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பிலும் அத்தகைய அட்டவணை ஒன்று உள்ளது. அதில் இடம்பெற்றோர் பலரிடம் நான் இன்னும் திரும்பிச் செல்லவில்லை.

மாணவரின் வேண்டுகோளின்படி அக்குழுவிற்குக் கடிதம் எழுத உதவினேன். இதுவரை விடை வரவில்லை. இக்கட்டுரையில் அவருடைய பேச்சைச் சேர்ப்பதற்கு முன் அவரிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தச் சொன்னார், திருத்தினேன். பெயர் வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன்.